பழைய கணினிக்கு ஒரு லேன் கேபிள்

ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை குமரி மாவட்டத்தின் எந்த ஊருக்குள் போனாலும் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஃபைபர் கேபிள் ஓடுவதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டத் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டதும் இந்த மாவட்டத்தில்தான், முத்தலக்குறிச்சி ஊராட்சியில். 2005-இல் பி.எஸ்.என்.எல். தன் டேட்டா ஒன் இணைப்பைக் கொண்டுவந்தபோது நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அகலக்கற்றை. இன்று ஒரு நடுத்தர வீட்டின் இணைப்பு அதைப் போல நூறு மடங்குக்கு மேல் வேகமானது.

அதே வீடுகளின் பரணிலும் பீரோவின் மேல்தட்டிலும் பழைய கணினிகள் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றில் கணிசமானவை அரசு கொடுத்த மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் மாணவர் கைக்குப் போயின. முதல் தொகுதிகளில் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ். பிளஸ் டூவில் அதை வாங்கிய பிள்ளை இன்று பெங்களூரிலோ துபாயிலோ வேலையில் இருக்கலாம். கருவி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

புது ரூட்டர் வந்த வீட்டில் என்றாவது ஒருநாள் அந்தக் கேள்வி எழும்: இந்தப் பழைய கணினியையும் நெட்டில் சேர்க்க முடியுமா? முடியும். பெரும்பாலும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமலே முடியும். ஆனால் எந்த வழியில் சேர்ப்பது, சேர்த்தபின் அதனிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதில் கவனம் வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பல பழைய கணினிகளுக்குள் இருப்பவை அச்சுக்காக அடித்த கோப்புகள். நாகர்கோவிலுக்கு அச்சுத் தொழில் புதிதல்ல. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மீட் 1820 வாக்கில் இங்கே அச்சுக்கூடம் நிறுவினார். அந்த மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று, தொண்ணூறுகளில் ஊர்தோறும் முளைத்த டி.டி.பி. கடைகள். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சபை ஆண்டறிக்கை, குடும்ப வரலாறு, கவிதைத் தொகுப்பு என்று எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடிக்கப்பட்டன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அந்தக் கோப்புகள் பல இன்னமும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

அவற்றின் எழுத்துகளும் இன்றைய எழுத்துகள் அல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. யூனிகோடை ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முன்னரும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அப்படி அடித்த உரையை அப்படியே செல்போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மென்பொருள்கள் அவற்றை யூனிகோடாக மாற்றித் தரும். ஆனால் முதலில் கோப்பு அந்தக் கணினியை விட்டு வெளியே வரவேண்டும். எந்த எழுத்துரு என்று தெரிய, அந்த எழுத்துருக் கோப்பும் சேர்ந்து வரவேண்டும். டிஜிட்டல் கேமரா காலத்தில் வளைகுடா நாடுகளில் எடுத்த படங்கள், காலமான பெரியவர்களின் குரல் பதிவுகள் ஆகியவையும் இப்படியே கணினிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஹார்டு டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இழப்பின் சாத்தியம் கூடுகிறது.

முதலில் கம்பி

பழைய கணினியை ரூட்டரோடு இணைக்க நம்பகமான வழி லேன் கேபிள். இதற்குக் காரணம் ஈதர்நெட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் உருவாக்கிய அந்த முறை 1983-இல் பொதுத்தரம் ஆனது. முறுக்கிய இணைக்கம்பியில் ஓடும் வடிவம் 1990-இல் வந்தது. அதன்பின் வேகம் 10 மெகாபிட்டிலிருந்து 100-க்கும் 1000-க்கும் உயர்ந்தாலும், இரு முனையிலும் உள்ள கருவிகள் தங்களுக்குள் பேசி, இரண்டுக்கும் இயலும் வேகத்தைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு தொடர்ந்து வந்திருக்கிறது. அதனால் இருபது வருடத்துக்கு முந்தைய லேன் போர்ட்டும் நேற்று வந்த ரூட்டரும் எந்தச் சண்டையும் இல்லாமல் சேர்ந்துகொள்கின்றன.

கடையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்கினால் போதும். ஒரே கேபிள் 100 மீட்டர் வரை போகும். நாஞ்சில் நாட்டின் பெரிய தறவாட்டு வீட்டுக்கும் இது தாராளம். செருகியதும் போர்ட்டின் ஓரத்தில் சிறு விளக்கு எரியவேண்டும். எரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பார்க்கவேண்டும். எரிந்தும் நெட் வராவிட்டால் கணினியின் ஐபி முகவரியைப் பார்க்கவேண்டும். அது 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். வேறு எண்ணில் தொடங்கியும் நெட் வராவிட்டால், பழைய இணைப்புக்காக யாரோ எப்போதோ கையால் கொடுத்த முகவரி காரணமாக இருக்கலாம். அப்போது நெட்வொர்க் அமைப்பில் ‘தானாகவே பெறு’ என்ற தெரிவுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

வைஃபை ஏன் அடம்பிடிக்கிறது?

வைஃபையில் விஷயம் வேறு. இங்கே மூன்று இடங்களில் முட்டும்.

ஒன்று, அலைவரிசை. இன்றைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒலிபரப்புகின்றன. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். ரூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் குழப்பம் வரலாம்; அமைப்புப் பக்கத்துக்குப் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பது நல்லது. ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருந்தால் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பழைய வைஃபை அட்டைகளுக்கு அது தெரியவே தெரியாது. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் தீர்ந்தது.

இரண்டு, பூட்டு. வைஃபையின் முதல் பாதுகாப்பு முறையான வெப், 1997-இல் வந்து சில ஆண்டுகளிலேயே உடைக்கப்பட்டது. 2003-இல் டபிள்யூ.பி.ஏ., 2004-இல் டபிள்யூ.பி.ஏ. 2, 2018-இல் டபிள்யூ.பி.ஏ. 3. புதிய ரூட்டர் மூன்றாம் தலைமுறைப் பூட்டில் மட்டும் நின்றால் பழைய கணினிக்குப் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கதவு திறக்காது. ‘டபிள்யூ.பி.ஏ. 2/3 கலப்பு’ என்ற தெரிவு பெரும்பாலான ரூட்டர்களில் உண்டு. பழைய கணினிக்காக வெப் முறைக்கு மட்டும் இறங்கிவிடக் கூடாது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் அது வெளியாள் கைக்கு எட்ட வைத்துவிடும்.

மூன்று, டிரைவர். புதிய யு.எஸ்.பி. வைஃபை செருகியை வாங்கிப் பொருத்தினால், அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் எக்ஸ்பிக்கு இல்லை என்று பல சமயம் தெரியவரும்.

இந்த மூன்றையும் ஒரே அடியில் தாண்ட எளிய வழி இருக்கிறது. வைஃபை சிக்னலை நீட்டிக்க விற்கும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் ஒரு லேன் போர்ட் இருக்கும். எக்ஸ்டெண்டர் ரூட்டரோடு வைஃபையில் பேசும். பழைய கணினி எக்ஸ்டெண்டரோடு கம்பியில் பேசும். அலைவரிசை, பூட்டு, டிரைவர் எதைப் பற்றியும் கணினிக்குக் கவலை இல்லை. தடித்த சுவர்கள் கொண்ட பழைய ஓட்டு வீட்டில், ரூட்டர் முன்னறையிலும் கணினி பின்கட்டிலும் இருந்தால், சிக்னல் பலவீனத்துக்கும் இதுவே மருந்து.

இணைந்தும் பக்கம் திறக்கவில்லையா?

எல்லாம் சரி, ரூட்டரும் முகவரி தந்துவிட்டது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. இப்படி நேர்ந்தால் முதலில் பார்க்கவேண்டியது திரையின் மூலையில் உள்ள தேதி. மதர்போர்டில் இருக்கும் நாணயம் அளவுள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துபோன கணினி, ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் நாட்காட்டி தவறினால் எல்லாச் சான்றிதழும் செல்லாதவையாகத் தெரியும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தாலே பல கணினிகளின் சிக்கல் விலகிவிடும்.

மீதிச் சிக்கல் பிரவுசரில். எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இன்றைய பாதுகாப்பு மொழி தெரியாது. விண்டோஸ் 7-க்கான குரோம் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்த விண்டோஸுக்கே மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது; எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இல்.

ஆபத்து எங்கே?

2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் கூட அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அது நுழைந்தது, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய முறையின் ஓட்டை வழியாக. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது, நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து புதிய விண்டோஸ் இந்தப் பழைய முறையை நிறுத்திவைத்தே வருகிறது. எக்ஸ்பி கணினியிலிருந்து புதிய கணினிக்கு ஃபோல்டரைப் பகிர முயன்றால் தோல்வி அடைவது இதனால்தான். அதை மீண்டும் இயக்கும் குறுக்குவழி உண்டு. ஆனால் இரண்டு கோப்புக்காகப் புதிய கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவதில் நியாயம் இல்லை.

இதைவிடப் பத்திரமான வழி, பழைய விண்டோஸைத் திறக்காமலே கோப்பை எடுப்பது. லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தைப் புதிய கணினியின் உதவியால் பென் டிரைவில் ஏற்றி, பழைய கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து தொடங்கவேண்டும். ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. லினக்ஸுக்கு விண்டோஸ் டிஸ்க்கைப் படிக்கத் தெரியும். இன்றைய பாதுகாப்பான பகிர்வு முறையும் தெரியும். லேன் கேபிள் வழியாகப் புதிய கணினிக்கு மொத்த ஃபோல்டரையும் நகலெடுத்துவிடலாம். பென்டியம் 4 காலத்து 32 பிட் கணினி என்றால் ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த லினக்ஸ் வேண்டும். பென் டிரைவிலிருந்து தொடங்க மறுக்கும் மிகப் பழைய கருவிக்கு டி.வி.டி. இருக்கிறது. கணினி எழவே மறுத்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி.யாக மாற்றும் கேபிளில் பொருத்திப் படிக்கலாம்.

இரண்டாம் வாழ்க்கை

கோப்புகள் பத்திரமான பிறகு, கணினி வேலைசெய்யும் நிலையில் இருந்தால் லினக்ஸை நிரந்தரமாகவே நிறுவிவிடலாம். அரசு மடிக்கணினியில் கூடவே வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான். அதன் முதல் பதிப்பு 2007-இல் வெளியானது. அன்று அதைத் திறந்தே பார்க்காத வீடுகள் ஏராளம்.

2 ஜிபி நினைவகத்தில் வீடியோ கூட்டங்களும், ஒரே நேரத்தில் திறந்த நாற்பது இணையப் பக்கங்களும் ஓடாது. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் புரட்டலாம். பிள்ளைகள் தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சு பழகலாம். யு.எஸ்.பி. பிரிண்டரை அதோடு இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் அதன் வழியாக அச்சிடலாம். வங்கி வேலை, பணப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் பழைய விண்டோஸைத் தொடவே கூடாது. விண்டோஸிலேயே வைத்திருக்கவேண்டிய கட்டாயம் உள்ள டி.டி.பி. கணினியை ரூட்டரின் ‘கெஸ்ட்’ பிரிவில் ஒதுக்குவது, அல்லது வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

இடியும் உப்பும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. சித்திரை வைகாசி மாலைகளிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் சகஜம். செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னல் வீச்சு மோடத்தை எரித்து, லேன் கேபிள் வழியாகக் கணினியின் மதர்போர்டு வரை போன காலம் உண்டு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த வாசல் அடைபட்டது. மின் இணைப்பு வழியாக வரும் வீச்சு அப்படியே இருக்கிறது. மேற்கே கருக்கும்போது ரூட்டரின் அடாப்டரையும் கணினியின் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவைப்பதே பாதுகாப்பு. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்கிறது. நினைவக அட்டையின் முனைகளில் பச்சை படிந்து, கணினி செத்துவிட்டதென்று ஒதுக்கப்படுகிறது. அட்டையைக் கழற்றி, முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பல கணினிகள் மறுபடி எழுந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் எழாத கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. அதற்குள் ஈயம் இருக்கிறது. மின்கழிவுக்கென்று தனி விதிகள் உண்டு; இப்போதைய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போகவேண்டும், போகும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளவேண்டும். எழும் கணினி வைத்திருப்பவர்கள் இந்த வார இறுதியில் ஒரு லேன் கேபிளும் ஒரு பென் டிரைவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டுப் பெரியவர்களின் படங்களையும் எழுத்துகளையும் இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகள் இருந்தால் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுங்கள்.