ஒரே ஃபிளாப்பியில் ஓப்பன்பிஎஸ்டி

மூன்றரை அங்குல ஃபிளாப்பி ஒன்றில் 14,74,560 பைட் அடங்கும்: பக்கத்துக்கு 80 தடம் வீதம் இரண்டு பக்கம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். உறையில் அச்சிட்ட 1.44 எம்பி என்பது 1,440 கிலோபைட்டை 1,000ஆல் வகுத்து வந்த எண். எந்தக் கணக்கோடும் ஒட்டாதது. இன்றைய விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல். அதைப் பிரித்து எழுத ஏறத்தாழ 3,400 ஃபிளாப்பியாவது வேண்டும்.

இயங்குதளம் முழுவதையும் ஃபிளாப்பியில் அடைப்பதென்றால்தான் இந்தத் தொல்லை. கணினியை எழுப்பி நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால், மீதி இணையத்திலிருந்து வந்து சேரும். தியோ டி ராட் 1995-இல் கனடாவில் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் இந்த வழியைக் கைவிடவில்லை. அதன் 7-ஆம் வரிசைப் பதிப்புகளிலும் ஃபிளாப்பி இமேஜ் உண்டு.

இமேஜை எழுதுமுன் ஃபிளாப்பியை ஃபார்மட் செய்வதும், எழுதியபின் திரும்பப் படித்து ஒப்பிடுவதும் கட்டாயம். பழைய வட்டில் ஒரு பிரிவு கெட்டிருந்தாலும் வேலை பாதியில் நிற்கும். சோனி 2011-லேயே விற்பனையை நிறுத்திவிட்டதால் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை.

கணினியை இயக்கியதும் பயோஸ் முதல் பிரிவை மட்டும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அந்தச் சிறு நிரல் அடுத்த நிரலை அழைக்க, அது சுருக்கப்பட்ட கெர்னலை ஏற்றுகிறது. வட்டு சுழல்வது நிமிடத்துக்கு 300 சுற்று, சுற்றுக்கு ஒரு பக்கத்தில் ஒரு தடம். தடங்கலே இல்லாவிட்டாலும் முழு வட்டையும் படிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

திறமையெல்லாம் அந்தக் கெர்னலைச் சுருக்கியதில்தான் இருக்கிறது. நிறுவலுக்கு வேண்டிய சிறு கருவிகள் தனித்தனிக் கோப்புகளாக இல்லாமல் ஒரே நிரலாக இணைக்கப்பட்டு, ராம்டிஸ்க்காகக் கெர்னலுக்குள்ளேயே பொதிந்திருக்கின்றன. டிரைவர்களும் பொறுக்கி எடுத்தவையே. நெட்வொர்க் கார்டுக்கு உரியது அதில் விடுபட்டிருந்தால் ஃபிளாப்பியால் பயனில்லை.

எல்லாம் நினைவகத்துக்கு வந்தபின் ஃபிளாப்பியை வெளியே எடுத்துவிடலாம். புதிதாக நிறுவுவதா, பழையதை மேம்படுத்துவதா என்று திரை கேட்கும். நெட்வொர்க் முகவரி, ஹார்ட் டிஸ்க் பிரிப்பு ஆகியவற்றுக்குப் பதில் தந்ததும், அடிப்படை அமைப்பு, கம்பைலர், கையேடு என்று தனித்தனித் தொகுப்புகளாக சர்வரிலிருந்து இறங்கத் தொடங்கும்.

உள்ளே டிரைவ் இல்லாத கணினியில் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் உதவலாம்; ஆனால் பழைய பயோஸ் முறை இருக்க வேண்டும். யூஈஎஃப்ஐ மட்டுமே உள்ள கணினிக்கு அதே ஓப்பன்பிஎஸ்டியின் யூஎஸ்பி இமேஜைப் பயன்படுத்தலாம்.