இரவல் வாக்கும் நடுவழி ஆட்சியும்



"அப்பா, 2017இல் ஏன் மக்ரோனுக்கு வாக்குப் போட்டனீங்கள்?" என்று என் மகள் பலமுறை கேட்டிருக்கிறாள். நேயர் ஒருவரும் இதே கேள்வியைத் தொலைபேசியில் கேட்டார். அன்று நேரம் போதவில்லை. ஆகவே ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

நான் இடதுசாரியும் அல்ல, வலதுசாரியும் அல்ல. கடை நடத்துபவருக்கு வரிச்சுமை குறையவேண்டும், அந்தக் கடையில் வேலை செய்பவருக்கும் ஆஸ்பத்திரியும் ஓய்வூதியமும் இருக்கவேண்டும் என்று நினைக்கிற சாதாரண ஆள். 2017இல் 39 வயதான எமானுவல் மக்ரோன், ஓராண்டுக்கு முன்னர்தான் தொடங்கிய கட்சியுடன் வந்து வென்றார். வலதுசாரியான எதுவார் பிலிப்பைப் பிரதமராக்கினார். சோசலிசக் கட்சியிலிருந்து வந்த லு திரியானை வெளிநாட்டு அமைச்சராக்கினார். இரு பக்கத்து நல்லதையும் எடுத்து ஆள்வார் என்று நம்பினேன்.

இப்போது கணக்காளனாக ஒரு விடயம் சொல்கிறேன். முதற்சுற்றில் அவர் பெற்றது 24 வீதம். மரின் லு பென்னுக்கு எதிரான இரண்டாம் சுற்றில் 66 வீதம். இரு சுற்றிலும் வாக்களித்தோர் தொகை வேறுபடும். ஆனாலும் பொதுப்படையாகப் பார்த்தால் 24 அவருடைய சொந்த முதல், மிச்சம் 42 இரவல். லு பென் வரக்கூடாது என்பதற்காக மற்றவர்கள் கொடுத்த கடன் அது. கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து நடக்கவேண்டும். நடுவழி ஆட்சி என்று நான் விளங்கிக்கொண்டது இதைத்தான்.

நடந்தது என்ன? 2017 ஒக்டோபரில் வீட்டு வாடகை உதவியில் மாதம் 5 யூரோ வெட்டப்பட்டது. 2018 சனவரியில் பெரும் செல்வந்தர் மீதான சொத்துவரி நீக்கப்பட்டு, வீடு நிலங்களுக்கு மட்டுமான வரியாகச் சுருங்கியது. 5 யூரோ சிறிய தொகைதான். ஆனால் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தால் யாருடைய கடன் முதலில் அடைக்கப்பட்டது என்பது தெரியும். அதற்கு மேல் எரிபொருள் வரியையும் கூட்டப் போனபோது, 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிக்காரர் வீதிக்கு வந்தார்கள்.

எங்களையும் அது தொட்டது. 2018ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டுக்குள் வந்தபின் அகதி விண்ணப்பம் கொடுப்பதற்கான காலத்தை 120 நாளிலிருந்து 90 நாளாகக் குறைத்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் வழக்கைத் துரித விசாரணைக்கு மாற்றலாம். மொழி தெரியாமல் வந்து இறங்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த 30 நாளின் பெறுமதி விளங்கும்.

வரவுப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. வறிய பகுதிப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புகள் ஏறத்தாழ 12 பிள்ளைகள் கொண்டவையாகப் பிரிக்கப்பட்டன. 2020 கொரோனா முடக்கத்தில் வேலையில்லாது வீட்டிலிருந்தோருக்குக் கையில் வரும் சம்பளத்தில் சுமார் 84 வீதம் கிடைத்தது. சிறு வியாபாரிகளுக்கு 1500 யூரோ வரை உதவிநிதி வந்தது. லா சப்பல் கடைக்காரர் பலருக்கு அந்த விண்ணப்பங்களை நானே நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் பணம் வராவிட்டால் சில கடைகள் திரும்பத் திறந்திருக்காது.

2022இல் மக்ரோன் மீண்டும் லு பென்னை வென்றார். ஆனால் 2017இல் 34 வீதம் பெற்ற லு பென் இம்முறை 41 வீதத்தைத் தாண்டினார். தீவிரவாதத்தைத் தடுக்கவே பலர் தமக்கு வாக்களித்தார்கள் என்று மக்ரோனே அன்றிரவு ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே, ஓய்வுபெறும் வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டம் 49.3 பிரிவின்கீழ், பாராளுமன்றத்தின் இறுதி வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறியது. 2024 யூனில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். மூன்று அணிகளாகப் பிரிந்த சபையில் பார்னியே 2024 டிசம்பரிலும் பய்ரூ 2025 செப்டெம்பரிலும் பிரதமர் பதவியை இழந்தனர்.

என் மகள் 2022இல் வெற்று வாக்குச்சீட்டுப் போட்டாள். இரண்டு நாள் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. கடன் கொடுத்துக் களைத்தவளின் கோபம் அது என்று இப்போது விளங்குகிறது.

நடுவழியில் எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. ஆனால் 2027 தேர்தலில் யார் வந்து தன்னை நடுவழிக்காரர் என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பேன். இரவல் வாக்கில் வென்றால் யாரோடு பேசிச் சட்டம் செய்வீர்கள்? சிக்கனம் என்றால் முதலில் யார் கொடுக்கவேண்டும்? அகதியாக வருபவருக்கு எத்தனை நாள் அவகாசம்?

பதிலைக் கேட்டபின் வாக்களிப்போம். அதற்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். வீடு மாறியவர்கள் புதிய இடத்து மெரியில் மறக்காமல் பதிந்துகொள்ளுங்கள்.