பர்மிங்ஹாமில் நசுங்கிய இரண்டு விரல்கள்

1965. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வயதுப் பையனுக்கு அன்று கடைசி நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், இனி போகவில்லை என்று சொல்லிப் பார்த்தான். அம்மா விடவில்லை. ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்குப் பார்த்து பிரஸ் மெஷின்காரர் வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெஷினில் இவனை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன.

பையனின் பெயர் டோனி அயோமி. இடக்கைப் பழக்கம், அதனால் கிட்டாரில் தந்தியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். தீ விபத்தில் கை பழுதாகி, பெரும்பாலும் இரண்டே விரல்களால் கிட்டார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. அதைக் கேட்ட பிறகு பையன் சும்மா இருக்கவில்லை. பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி உருட்டி, துளை போட்டு, விரலில் பொருந்தும்வரை தேய்த்து இரண்டு தொப்பிகள் செய்தான். வழுக்காமலிருக்க மேலே தோல் ஒட்டினான். அழுத்தினால் வலித்தது. மெல்லிய பான்ஜோ தந்திகளைக் கட்டிக்கொண்டான்.

ஹெவி மெட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நீள முடி, கறுப்புச் சட்டை, மண்டை ஓடு எல்லாம் மேல்பூச்சு. காது கிழியும் சத்தமும் இலக்கணம் ஆகாது. நம் ஊர்த் திருவிழா ஸ்பீக்கரிலும் அது உண்டு. இந்த இசையின் உயிர் கனத்தில் இருக்கிறது.

அந்தக் கனம் வரும் வழி எளிது. 'பவர் கார்ட்' என்பது இரண்டே சுரம்: சட்ஜமும் பஞ்சமமும். நம் தம்புராவின் அதே ஜோடி! அதிர்வெண்ணில் 2-க்கு 3. ஆம்ப்ளிஃபயரைத் திணறவிட்டுக் கரகரப்பாக்கும்போது, இரண்டும் உரசி, சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே யாரும் வாசிக்காத சுரம் ஒன்று எழும். வயிற்றில் இடிப்பது அதுதான். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் எல்லாம் கூழாகிவிடும். பவர் கார்டை அயோமி கண்டுபிடிக்கவில்லை. ஆனால் குறைந்த விரல்களால் நிறைந்த ஒலி எழுப்ப வேண்டிய கட்டாயம் அவருக்குத்தான் இருந்தது. 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். ஒலி இன்னும் இருண்டது.

அவருடைய 'பிளாக் சாபத்' குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பெரும்பகுதி ஒரே நாளில் பதிவானது. மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்தியமம். ஐரோப்பாவின் பழைய இசை ஆசிரியர்கள் 'இசைக்குள் இருக்கும் சாத்தான்' என்று பெயரிட்ட இடைவெளி அது. நமக்கோ அந்த மத்தியமம்தான் கல்யாணியின் அழகு. சாத்தானும் தெய்வமும் சுரத்தில் இல்லை, அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. அயோமி அதைப் போய்ச்சேர இடமில்லாமல் நிறுத்தினார்; அச்சம் வந்தது.

பிளாக் சாபத்தில் ப்ளூஸ் வாடை மிச்சமிருந்தது. அதைத் துடைத்து, இரட்டைக் கிட்டாரும் தோல் ஆடையுமாக வேகம் கூட்டியவர்கள் அதே வட்டாரத்து ஜூடாஸ் பிரீஸ்ட். த்ராஷ், டெத், டூம் என்று பிறகு கிளைத்த பிரிவுகளின் எல்லைச் சண்டையை ரசிகர்களிடமே விட்டுவிடலாம். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மியோ, நாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றே கடைசிவரை சாதித்தார்.

2025 ஜூலை 5. பிளாக் சாபத்தின் நான்கு பேரும் வளர்ந்த, பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியிலுள்ள வில்லா பார்க் மைதானம். பார்க்கின்சன் நோயோடு போராடிய பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், ஆசனத்தில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார். அந்தக் கடைசி மேடையில் அவருக்குப் பக்கத்தில் அயோமி வாசித்துக்கொண்டிருந்தார், இரண்டு விரல்களிலும் தொப்பி மாட்டியபடி.