தூதுரைக்கப் பழகுவோம்

தூதுரைத்தல் எளிய பணியன்று. அனுப்பியவர் கருத்தைச் சிதையாமல் சொல்ல வேண்டும். கேட்பவர் உள்ளம் முறியாமலும் சொல்ல வேண்டும். அதனாலன்றோ வள்ளுவர் ‘தூது’ என்று தனி அதிகாரமே வகுத்தார்! அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் புத்தம் புதியனவாய்ப் பொலிவதைப் புகழ்ந்தார். தம் தலைவனுடையவையோ முனை முரிந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்றார். போர் கண்ட படை எது என்று தொண்டைமானுக்கு விளங்கிற்று. புறநானூற்றின் 95ஆம் பாடல் காட்டும் இந்தக் கலையை இன்றைய மாணவர் பயில்வதற்கு அமைந்த களமே ‘மாதிரி ஐ.நா. மன்றம்’.

இம்மன்றத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அமர்வார். முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பொருள்பற்றி உரையாடி, தீர்மானம் வரைந்து, வாக்களிப்பார். பட்டிமன்றத்தில் எதிரணியை வீழ்த்தினால் வெற்றி. இங்கோ எதிரணியின் வாக்கையும் பெற்றால்தான் வெற்றி. இவ்வேறுபாட்டை உணர்வதே ஆயத்தத்தின் முதற்படி.

மன்றத்தை அறிதல்

ஐக்கிய நாடுகளின் சாசனம் 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்தாகி, அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் சார்பில் அங்குச் சென்ற குழுவின் தலைவர் நம் மாநிலத்தவரான சர் ஏ. இராமசாமி முதலியார். ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்திற்கு 1946இல் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. தொடக்கத்தில் 51 நாடுகள், இன்று 193.

பொதுப்பேரவையில் பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் ஒரே வாக்குதான். முக்கியப் பொருள்களுக்கு, வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவு வேண்டும். நடுநிலை வகிப்போர் வாக்களித்தவராகக் கருதப்படார். 60 பேர் உள்ள அவையில் 20 பேர் நடுநிலை வகித்தால், எஞ்சிய 40 பேரில் 27 வாக்குகள் போதும். பாதுகாப்புச் சபையில் கணக்கே வேறு. 15 உறுப்பினருள் 9 பேர் ஆதரிக்க வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினருள் எவரும் எதிர்த்து வாக்களித்தல் கூடாது. எட்டுப் பேர் ஆதரித்து ஏழு பேர் நடுநிலை வகித்தால், வீட்டோ இல்லாமலே தீர்மானம் வீழும். இக்கணக்கை அறியாதவர் யாரிடம் சென்று ஆதரவு கேட்பது என்றே அறியமாட்டார்.

நாட்டை அறிதல்

‘கடற் சட்டம்’ என்பது விவாதப் பொருள் என்று கொள்வோம். உங்களுக்குக் கிடைத்த நாடு நேபாளம். ‘கடலே இல்லாத நாட்டுக்குக் கடலைப்பற்றி என்ன பேச்சு?’ என்று சோர்ந்து விடுவோர் உண்டு. நேபாளம் போன்ற 32 வளரும் நாடுகளைக் கடற்கரையற்றவை என ஐ.நா. வகைப்படுத்தியுள்ளது. அவற்றின் சரக்குகள் அண்டை நாட்டின் வழியாகத்தான் துறைமுகம் சேர வேண்டும். 1982ஆம் ஆண்டின் கடற் சட்ட உடன்படிக்கை அந்நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையை அளிக்கிறது. ஆகவே கடலற்ற நாட்டுக்குத்தான் கடலைப்பற்றிச் சொல்ல மிகுதியும் உண்டு.

நாடு சிறிது என்றும் வருந்த வேண்டா. 1964இல் விடுதலை பெற்ற மால்ட்டா ஒரு சின்னஞ்சிறு தீவு நாடு. அதன் தூதர் அர்விட் பார்டோ 1967 நவம்பர் முதல் நாள் ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடற்படுகை மனித குலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று வாதிட்டார். அக்கருத்து பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் அதே உடன்படிக்கையில் இடம்பெற்றது.

ஏற்ற நாட்டைப்பற்றி ஒரு பக்க அளவில் நிலைப்பாட்டுக் குறிப்பு எழுதிக்கொள்க. அந்நாட்டுக்கு என்ன வேண்டும்? எதை விட்டுக்கொடுக்கும்? எதை ஒருபோதும் விட்டுக்கொடாது? நட்பு நாடுகள் யாவை? இந்நான்கு வினாக்களுக்கும் விடை இருந்தால் போதும்.

சொல்லை அளத்தல்

1957 சனவரியில் காசுமீரச் சிக்கல்பற்றிப் பாதுகாப்புச் சபையில் வி.கே. கிருஷ்ணமேனன் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசினார். நமக்குக் கிடைப்பதோ ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம். முதல் வாக்கியத்தில் நாட்டின் நிலை, அடுத்து ஒரு காரணம், அதற்கு ஒரு புள்ளிவிவரம், முடிவில் ஒரு வேண்டுகோள் என்று அமைத்துக்கொள்க. ‘நான்’ என்று பேசுவது வழக்கமன்று. நாட்டின் பெயரால் பேசுக.

தீர்மானம் வரைவதிலோ ஒவ்வொரு சொல்லும் எடை போடத்தக்கது. ஐ.நா. தீர்மானம் முழுவதும் இலக்கணப்படி ஒரே வாக்கியம். காரணங்கள் கூறும் முகப்புரைப் பகுதி முன்னே வரும்; எண்ணிட்ட செயற்பகுதி பின்னே வரும்; முற்றுப்புள்ளி இறுதியில் ஒன்றே. 1967 நவம்பர் 22 அன்று நிறைவேறிய 242ஆம் தீர்மானத்தை எண்ணிப் பாருங்கள். இஸ்ரேல் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்னும் தொடரில், ஆங்கிலப் படியில் ‘தி’ என்னும் சிறுசொல் இல்லை. சில பகுதிகளிலிருந்து விலகினால் போதும் என்று அதற்குப் பொருள் கொண்டார் ஒரு சாரார். பிரெஞ்சுப் படியோ எல்லாப் பகுதிகளையும் குறிப்பதாகவே படிக்கத்தக்கது என்றார் மற்றொரு சாரார். அவ்வழக்கு இன்றும் தீரவில்லை. மூன்றெழுத்துச் சொல் ஒன்று இல்லாமற்போனதன் விளைவு இது! பதினைந்து உறுப்பினரும் ஒருமனதாக ஏற்ற தீர்மானம் அது என்பதையும் மறத்தலாகாது. தெளிவாக எழுதியிருந்தால் அந்த ஒருமனம் வாய்த்திருக்குமா என்பதும் சிந்தனைக்குரியது.

இணக்கம் காணுதல்

அவையில் கேட்கும் பேச்சைவிட இடைவேளையில் நிகழும் பேச்சே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. அப்போது தம் நாட்டுக்காரருடனும் நண்பருடனும் கூடி நிற்பவர் ஆதரவு திரட்டமாட்டார். எதிர்ப்பவரிடம் சென்று, ‘எந்தச் சொல்லை மாற்றினால் ஆதரிப்பீர்கள்?’ என்று கேட்பவரே திரட்டுவார். ஆயத்தப் பயிற்சியில் இதற்கும் இடம் தருக. பத்து மாணவர் கூடினால் ஒரு மாதிரி அவை அமையும். ஒருவர் தலைவர், ஒருவர் செயலர், எஞ்சிய எண்மரும் எட்டு நாடுகள். அடுத்த வாரம் நாடுகளை மாற்றிக்கொள்க. சென்ற வாரம் எதிர்த்த கொள்கைக்கு இவ்வாரம் வாதாடும்போதுதான் பயிற்சி முழுமை பெறும்.

‘இவையெல்லாம் நகரத்துக் கல்லூரிகளுக்கு உரியவை, ஆங்கிலத்தில் நமக்குச் சரளம் இல்லையே’ என்று தயங்கும் தோழர்களுக்கு ஒரு சொல். பயிற்சியைத் தமிழில் தொடங்குக. கருத்து தெளிந்தபின் மொழி தானே துணைக்கு வரும். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு. அவற்றில் எதையும் தாய்மொழியாகக் கொள்ளாத தூதர் பலர் அங்கே உலகைக் கேட்கச் செய்திருக்கின்றனர். ஐம்பது சொற்றொடர்களும் விதிமுறைகளும் மனப்பாடமானால் அச்சத்தில் பாதி அகலும்.

நமக்கு உடன்பாடில்லாத நாட்டின் கட்சியை அதன் நியாயம் குன்றாமல் எடுத்துரைப்பது கடினமான பயிற்சி. அதைச் செய்து பார்த்தவர் மாற்றாரை வெறுப்பதற்கு முன் ஒருமுறை எண்ணுவார். ஊர்ப் பொதுக்கூட்டத்திலும் மாணவர் பேரவையிலும் குடும்பத்திலும் அந்த எண்ணம் பயன்படும். நாட்டுக்கு நாடு பேசும் மேடை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பேசித் தீர்க்கும் மனம் எல்லார்க்கும் வாய்க்கும். அதனை இக்கல்லூரியிலேயே பழகுவோம், வாரீர்!