மூடாத குழாய்

மஃரிப் தொழுகை இரண்டாவது ரக்அத்துக்குப் போய்விட்டது. பள்ளிவாசல் ஹவுளை ஒட்டிய குழாயடியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இன்னும் இடது குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கழுவுகிறான், எழுகிறான், இரண்டடி வைக்கிறான், நிற்கிறான். திரும்பி வந்து மறுபடி கையிலிருந்து தொடங்குகிறான். குதிகால் ஊறி வெளுத்து, ஓரம் வெடித்திருக்கிறது. சலாம் கொடுத்து ஜமாஅத் கலைந்து வரும்போதும் அவன் அங்கேதான். “பேணுதலான புள்ள” என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். மோதினார்தான் மறுத்தார். “பேணுதல் இல்லங்க. புள்ள கண்ணுல தண்ணி நிக்கிது, பாருங்க.”

நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: வஸ்வாஸ். ஒளு முறிந்ததோ என்ற சந்தேகம், உடுப்பில் அசுத்தம் பட்டதோ என்ற பயம், நிய்யத் சரியாக வரவில்லை என்று தக்பீரைப் பத்துத் தடவை கட்டி அவிழ்ப்பது. யாருக்கும் எப்போதாவது வருவதுதான். ஆனால் இந்த எண்ணமும் சடங்கும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால், படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால், விட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியாமல் போனால், அது மருத்துவர்கள் ஓசிடி என்றும் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்கிற நோய். பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்வயதிலோ இளமையின் தொடக்கத்திலோதான் தலைகாட்டும். ஒரு வீட்டில் கேஸ் அடுப்பை மூடினோமா என்று வரும் அதே நோய், தொழுகையாளி வீட்டில் ஒளுவின் வடிவத்தில் வருகிறது. ஒருவருக்கு எது உயிரோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும்.

குழாயடி வஸ்வாஸ் கண்ணுக்காவது தெரியும். இதைவிடக் கொடியது வெளியே தெரியாதது. ஸஜ்தாவில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையின் மனத்தில் இறைவனைப் பற்றித் தகாத ஒரு சொல் வந்து விழும். தான் காஃபிராகிவிட்டோம் என்று அந்தப் பெண்பிள்ளை நடுங்குவாள். உம்மாவிடம் சொன்னால் என்ன ஆகும்? யாரிடமும் சொல்லமாட்டாள். நபித்தோழர்கள் சிலர் நபிகளாரிடம் வந்து, வாயால் சொல்லக்கூட அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் வருவதாக முறையிட்டதும், அப்படி அஞ்சுவதே ஈமானின் தெளிவான அடையாளம் என்று அவர் ஆறுதல் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ பயானில் இதை ஐந்து நிமிடம் சொன்னால் போதும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகள் மூச்சு விடுவார்கள். நாம் சொல்வது “ஈமான் குறைஞ்சுபோச்சு, அதான்” என்பதைத்தான்.

நம் மரபு இந்த நோயை அறியாததல்ல. பல்க் வட்டாரத்தில் பிறந்து 934-இல் இறந்த அபூ ஸைத் அல்பல்கி, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலில் உடல்நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளநலத்துக்கு ஒரு பகுதியும் ஒதுக்கினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்று உள்ளத்தின் உபாதைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதினார். உடம்புக்கு அவசர மருந்தைக் கைவசம் வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்துவைத்துக் கலங்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய யோசனை. வஸ்வாஸ் பற்றி அவர் எழுதியதை இன்றைய ஓசிடி இலக்கணத்தோடு ஒப்பிட்டு ரானியா அவாதும் சாரா அலியும் 2015-இல் மனநல ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஃபிக்ஹும் பிள்ளையின் பக்கம்தான். உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்காது என்பது மத்ஹபுகள் எல்லாம் ஏற்ற அடிப்படை விதி. ஒளு செய்தது உறுதி, முறிந்தது சந்தேகம் என்றால் ஒளு இருக்கிறது, போய்த் தொழு. நபிகளார் ஒளுவுக்குச் செலவிட்டது ஒரு முத்து தண்ணீர். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு என்று அதை விளக்குவார்கள். நம் பையன் அதை முதல் கையிலேயே தாண்டிவிடுகிறான். இப்னு குதாமா போன்ற பழைய ஃபகீஹ்கள் வஸ்வாஸ்காரர்களைக் கண்டித்துத் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் கண்டிப்பு, நோய் முற்றியவனுக்கு உதவாது. தான் செய்வது மிகை என்று அவனுக்கே தெரியும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். “உம்மா, என் ஒளு கூடுமா?” என்று கேட்கிறான். “கூடும் வாப்பா” என்கிறாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கிறான், மறுபடி சொல்கிறாள். ராத்தா அவனுக்காகத் துணியை இரண்டாம் முறை அலசிக் கொடுக்கிறாள். வாப்பா மாடித் தொட்டிக்கு மறுபடி மோட்டார் போடுகிறார். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு பதிலும் நோய்க்குப் போடும் சோறு. ஆறுதல் கிடைத்த நொடியில் பயம் தணிகிறது, அடுத்த முறை அதே ஆறுதல் இல்லாமல் நகர முடிவதில்லை.

சிகிச்சை இதைத் திருப்பிப் போடுகிறது. பயிற்சி பெற்ற உளவியலாளர், பயம் வரும் இடத்தில் அவனைப் படிப்படியாக நிறுத்தி, திரும்பக் கழுவாமல் இருக்கப் பழக்குகிறார். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலே இறங்கும். அதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். இதோடு செரட்டோனின் வழியாக வேலை செய்யும் மாத்திரைகளும் தேவைப்படலாம். அவை தூக்க மாத்திரைகள் அல்ல, பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். இரண்டாவது வாரமே “வேலைக்காகல” என்று நிறுத்துவதுதான் நம்மிடம் நடக்கும் பெரிய தவறு. ஆலிமிடம் சட்டம் கேட்கலாம், ஆனால் ஒரே ஆலிமிடம், ஒரே முறை. மூன்று ஹஜ்ரத்திடம் மாறி மாறி ஃபத்வா கேட்பதும் வஸ்வாஸின் இன்னொரு உருவம்தான்.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடமும், ஜின்னை விரட்டுகிறேன் என்று அடிப்பவரிடமும், பெண்பிள்ளையோடு தனியறை கேட்பவரிடமும் போகாதீர்கள். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்குள் கட்டிவைத்துக் கொடுமைப்படுத்தினாலும் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம், போலீசார் அதை மாஜிஸ்திரேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதே சட்டம் அரசுச் செலவில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஓர் உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம், அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும்.

“வெளியே தெரிஞ்சா நாளைக்குச் சம்பந்தம் வருமா?” இந்தக் கேள்விதான் பல பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அழைத்துவருகிறது. சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி நோய் விவரம் ரகசியம். சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் தவிர மருத்துவர் யாரிடமும் சொல்லக் கூடாது. பதினெட்டு நிறைந்தவர், தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டே நியமித்துக்கொள்ளலாம், அது சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு இருக்கும் அதே வசதி மனநோய்க்கும் இருக்க வேண்டும். முகவர் அப்படியொன்று இல்லை என்று சொன்னால் 21-ஆம் பிரிவைக் காட்டுங்கள். “நிக்காஹ் முடிச்சு வச்சா சரியாயிரும்” என்பதோ எந்த மருத்துவத்திலும் இல்லாத சிகிச்சை. இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அதில் மாட்டுகிறது.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வீட்டிலேயே வைத்துக் கைவைத்தியம் பார்த்து இழந்த குடும்பங்கள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, வழக்கோ தண்டனையோ கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. நேரத்தைக் கடத்தாமல் கொண்டுபோங்கள்.

எங்கே தொடங்குவது? டெலி மானஸ் 14416, இலவசம், இரவு பகல், தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சிறுவர்களுக்கு ஆபத்து என்றால் 1098. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. மதரஸா நடத்துகிறவர்களும் பிள்ளையின் கல்லூரியில் கட்டணம் கட்டும் வாப்பாமார்களும் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ரமளானில் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். பல மருந்துகளை ஸஹர், இஃப்தார் நேரத்துக்கு மாற்றித் தருவார்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது, உடம்பில் நீர் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

அந்தப் பையனின் உம்மா இப்போது ஒரு பதிலைப் பழகியிருக்கிறாள். முதல் வாரம் அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாளாம். அவன் ஈரக் காலோடு கதவோரம் நின்று, “கூடுமா உம்மா?” என்று கேட்கிறான். “அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்னு ஒனக்கே தெரியும் வாப்பா. சோறு ஆறுது, தொழுதுட்டு வா.”