மின்கலத்தின் விலையை மட்டும் பேசினால் போதுமா?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மோதியதே காரணம் எனக் கூறப்பட்டபோது நகைத்தவர் பலர். எனினும், அவ்வேளையில் மின்தேவை குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்தமையால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என மின்சார சபை பின்னர் விளக்கியது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறும் அது கோரியது.

பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பேச்செல்லாம் மின்கலத்தின் விலையைப் பற்றியதாகவே உள்ளது. மின்கலத்துக்கு முன்னால் வாயிற்காவலனாக நிற்கும் இருதிசை நேரோட்ட மாற்றியைக் கவனிப்போர் குறைவு.

மின்கலத்தின் வோல்ற்றளவு வேறு. அது இணையும் மின்தொகுதியின் வோல்ற்றளவு வேறு. இரண்டையும் பொருத்துவதே இம்மாற்றியின் பணி. அதன் எளிய வடிவத்தில் இரண்டு இலத்திரனியல் ஆளிகளும் ஒரு செப்புச் சுருளும் உண்டு. ஆளிகள் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மாறிமாறி இயங்க, சுருள் சக்தியைச் சிறுகச் சிறுக வாங்கிக் கொடுக்கின்றது. மின்கலத்திலிருந்து வெளியே செல்கையில் வோல்ற்றளவு உயரும். உள்ளே வருகையில் தாழும். இரண்டு ஆளிகளும் ஒருசேர மின்னைக் கடத்தினாலோ குறுஞ்சுற்று ஏற்பட்டு அவை கருகிவிடும்.

வலு பெருகும்போதுதான் சோதனை தொடங்குகின்றது. 10 கிலோவாற்றை 48 வோல்ற்று மின்கலத்திலிருந்து எடுக்க 200 அம்பியருக்கு மேல் பாய வேண்டும். 480 வோல்ற்றாயின் 21 அம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், அதே கம்பியில் முன்னதன் இழப்பு நூறு மடங்காகும். ஆகவேதான் வடிவமைப்பாளர்கள் உயர்ந்த வோல்ற்றளவை நாடுகின்றனர். மின்னோட்டத்தைப் பல சுருள்களுக்குப் பகிர்கின்றனர். இழப்புக் குறைந்த சிலிக்கன் காபைட்டு ஆளிகளைக் கையாளுகின்றனர். இவை யாவும் செலவு மிக்கவை. மலிவான மாற்றியில் முதலில் கைவிடப்படுபவையும் இவையே.

விற்பனையாளர் 97 வீத வினைத்திறன் என்பார். சேமிக்கும்போது ஒருமுறை, மீட்கும்போது ஒருமுறை என இருமுறை கழித்தால் 100 அலகில் எஞ்சுவது 94. மின்கலத்தின் இழப்பு வேறு. அந்த 97 வீதமும் பெரும்பாலும் மிகச் சாதகமான சுமையில் அளந்ததாகவே இருக்கும். அன்றியும், 100 கிலோவாற்று மாற்றியொன்றில் 3 வீத இழப்பென்பது 3 கிலோவாற்று வெப்பம். மன்னாரின் நண்பகல் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்?

கேள்விப்பத்திரங்களில் மின்கலத்தின் கொள்ளளவுடன், குறைந்த சுமையிலும் 40 பாகை வெப்பத்திலும் அளந்த இருவழி வினைத்திறனையும் எழுத்தில் கோர வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. அவ்வளவீட்டை விற்பனையாளரின் சொல்லுக்கு விடாது, கிளிநொச்சியிலும் ஒலுவிலிலும் உள்ள பொறியியற் பீடங்களிடம் ஒப்படைப்பதில் என்ன தடை?