காணாத நூலகங்களும் அறுபட்ட சார்புகளும்

கணிப்பொறியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படும்போது, “சார்புகள் நிறைவேறவில்லை” என்று பொருள்படும் செய்தியொன்று திரையில் தோன்றி வேலை நின்றுவிடுவது, லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாளும் பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் அடிக்கடி நேரிடுவதாகும். இதைக் கண்டு யந்திரம் பழுதடைந்துவிட்டது என்றோ, மென்பொருள் தரமற்றது என்றோ கொள்ளலாகாது. ஒன்றையொன்று நம்பியிருக்கும் பல பகுதிகளில் ஏதோ ஒன்று தன் இடத்தில் இல்லை, அல்லது வேறு தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்கிறது என்பதே அச்செய்தியின் கருத்து. எது இல்லை, ஏன் இல்லை என்று அறிந்து செயற்பட்டால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் குறை தீர்ந்துவிடும். அறியாது பலவந்தமாகச் செயற்பட்டாலோ, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த யந்திரமும் கெட்டுவிடக்கூடும்.

மும்பையிலிருந்து ஓர் உதாரணம்

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் சுனாபட்டி நிலையத்தைக் கடந்து, குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி ஆகிய நிலையங்களின் வழியே சென்றால் மான்குர்ட் வரும். தமிழர் பெருவாரியாக வாழும் செம்பூருக்கு அண்மையிலுள்ள இப்பகுதியில்தான் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி நிலையம் அமைந்துள்ளது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஓர் அங்கமாக 1974-ஆம் ஆண்டில் இது தொடங்கப்பெற்றது. இந்நிலையத்தில் ‘ஜி-ஸ்டூடியோ’ என்னும் கல்வி மென்பொருள் உருவாக்கப்பட்டது. தேவ்னாரிலுள்ள டாடா சமூக விஞ்ஞானக் கழகம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், டாடா அறக்கட்டளைகள் ஆகியவை 2015-இல் தொடங்கிய ‘கிளிக்ஸ்’ கல்வித் திட்டத்திற்கு இம்மென்பொருள் பயன்பட்டது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் அரசாங்கப் பள்ளிகளில் இத்திட்டம் செயற்பட்டது. இணைய வசதி குன்றிய ஊர்களிலும் பாடங்கள் நடைபெற வேண்டுமென்பதற்காக, பள்ளியிலேயே ஒரு வழங்கிக் கணிப்பொறி வைத்து அதில் மென்பொருளை நிறுவும் முறை கையாளப்பட்டது.

ஜி-ஸ்டூடியோ தனித்து நிற்பதன்று. அது பைத்தான் என்னும் நிரல்மொழியின்மீதும், ஜாங்கோ என்னும் சட்டகத்தின்மீதும், மாங்கோடிபி என்னும் தரவுக் கிடங்கின்மீதும் எழுப்பப்பட்டது. இம்மூன்றும் வேறு வேறு குழுவினரால் வேறு வேறு இடங்களில் செய்யப்படுபவை. இவற்றுள் மாங்கோடிபியின் கதை இங்குக் கவனிக்கத்தக்கது.

2017-இல் வெளிவந்த டெபியன் 9-ஆம் பதிப்பில் மாங்கோடிபி சேர்க்கப்பட்டிருந்தது. 2018 அக்டோபரில் அதன் நிறுவனத்தார் உரிம நிபந்தனைகளை மாற்றினர். புதிய நிபந்தனை சுதந்திர மென்பொருளுக்குரிய தங்கள் விதிகளுக்கு ஒவ்வாதெனக் கருதிய டெபியன் குழுவினர் அதனை விலக்கினர். ஆகவே 2019 ஜூலையில் வந்த டெபியன் 10-ஆம் பதிப்பில் அப்பொதி இல்லை. மாங்கோடிபியை நம்பிய நிரல் ஒன்றை 9-ஆம் பதிப்பில் தடையின்றி நிறுவிய ஒருவர், அதே கட்டளையைப் புதிய யந்திரத்தில் இட்டால் ‘பொதி காணப்படவில்லை’ என்ற விடையே பெறுவார். அவர் செய்த தவறு யாதொன்றும் இல்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடித்தளத்திலிருந்து ஒரு கல் எடுக்கப்பட்டுவிட்டது, அவ்வளவே.

நூலகம், பொதி, களஞ்சியம்

மாதுங்காவிலுள்ள ஓர் உணவு விடுதியை எண்ணிப்பார்க்கலாம். இட்டிலிக்கு ஒன்று, தோசைக்கு ஒன்று, வடைக்கு ஒன்று எனத் தனித்தனி கிரைண்டர்களை யாரும் வாங்குவதில்லை. ஒரே கிரைண்டர் எல்லாவற்றிற்கும் மாவு அரைத்துத் தருகிறது. கணிப்பொறியிலும் இவ்வாறே. திரையில் எழுத்தை வரைதல், படத்தை விரித்துக் காட்டுதல், செய்தியை இரகசியக் குறியீடாக்கி அனுப்புதல் முதலிய பொதுவான வேலைகளை ஒவ்வொரு நிரலும் தானே செய்துகொள்வதில்லை. அவற்றைச் செய்யும் நிரற்பகுதிகள் ஒரே இடத்தில் வைக்கப்பட்டு, எல்லா நிரல்களாலும் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. இவையே பகிர்வு நூலகங்கள் எனப்படும்.

இம்முறையால் வட்டில் இடம் மிச்சமாகிறது. அதனினும் பெரிய நன்மை பாதுகாப்பு. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெருங்குறை ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்ற குறியீட்டு நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த ஒரு நூலகத்தைத் திருத்தி, நிரல்களை மறுபடி தொடங்கிய அளவில், அதனைப் பகிர்ந்துகொண்ட நிரல்கள் யாவும் ஒருங்கே பாதுகாப்புப் பெற்றன.

ஒரு நிரலையோ நூலகத்தையோ நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டிவைத்த கோப்பு, பொதி எனப்படும். ஒவ்வொரு பொதியின் உள்ளும் ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. பொதியின் பெயர், பதிப்பு எண், எந்த வகை யந்திரத்திற்கு உரியது, வேறு எந்தப் பொதிகள் எந்தப் பதிப்பில் உடனிருக்க வேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். இறுதியிற் சொன்னதே சார்பு ஆகும். பொதிகள் சேமித்து வைக்கப்படும் இடம் களஞ்சியம்.

1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் இவ்வமைப்பை நன்கு வளர்த்த முன்னோடிகளுள் ஒன்று. அதன் ‘டிபிகேஜி’ என்னும் கருவி, கையில் உள்ள பொதியைப் பிரித்து நிறுவும். சார்பு குறைந்தால் குறையைச் சொல்லி நின்றுவிடும். விடுபட்டவற்றைத் தானே களஞ்சியத்தில் தேடிக் கொணரும் ‘ஆப்ட்’ என்னும் கருவி 1999 மார்ச்சில் வந்த 2.1-ஆம் பதிப்புடன் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் உள்ள பொதிகளின் தொகை 69,830. சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் 2007 முதல் வெளியிட்டுவரும் ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. ஆதலின் இங்குக் கூறப்படுபவை அதற்கும் பொருந்தும்.

பதிப்பு எண்ணின் முக்கியத்துவம்

பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கும்போது ‘குக்கர் வளையம்’ என்று மட்டும் கேட்டால் போதாது, அளவும் சொல்லவேண்டும். நூலகமும் அத்தகையதே. அதன் பெயரோடு ஒட்டியிருக்கும் எண், அது பிற நிரல்களோடு பேசும் முறையைக் குறிக்கிறது. அம்முறை மாறும்போது எண்ணும் மாறும்.

மேற்சொன்ன மாங்கோடிபியே இதற்கும் சான்றாகிறது. 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04-ஆம் பதிப்பு, ஓப்பன்-எஸ்.எஸ்.எல். நூலகத்தின் 3-ஆம் தலைமுறையை ஏற்றுக்கொண்டு 1.1-ஐ விட்டுவிட்டது. முந்திய உபுண்டுவுக்கென மாங்கோடிபி நிறுவனத்தார் கட்டிய பொதியோ 1.1-ஐயே வேண்டியது. அதனை 22.04-இல் நிறுவ முயன்றவர்கள் ‘லிப்-எஸ்.எஸ்.எல். 1.1 தேவை, ஆனால் நிறுவ இயலாது’ என்ற செய்தியைக் கண்டனர். இரு நூலகங்களும் ஒரே குடும்பத்தவை. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. சிலர் புதிய நூலகக் கோப்புக்குப் பழைய பெயரிட்டு நிரலை ஏமாற்ற முயல்வதுண்டு. நிரல் நூலகத்திடம் கேட்கும் வினாக்களும் நூலகம் தரும் விடைகளும் வேறாகிவிட்டமையால், அது தொடக்கத்திலேயே நின்றுவிடும், அல்லது நடுவழியில் தவறும்.

சார்பு அறுபடும் வழிகள்

அநுபவத்தில் காணப்படும் காரணங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலாவது, பதிப்பு முதுமையடைதல். டெபியன் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முழுப் பராமரிப்பும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகாலப் பராமரிப்பும் கிடைக்கின்றன. அதன் பின்னர் அப்பதிப்பின் பொதிகள் வழக்கமான களஞ்சியத்திலிருந்து பழம்பதிப்புக் காப்பகத்திற்கு மாற்றப்படும். கணிப்பொறியிலுள்ள முகவரிப் பட்டியல் பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருந்தால், ‘கிடைக்கவில்லை’ என்ற விடை வரும். பல ஆண்டுகளாகத் தொடப்படாத பள்ளி ஆய்வுக்கூடங்களில் இக்காரணத்தை முதலில் ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது, கலப்பு. பாஸ் இயங்கும் யந்திரத்தில் உபுண்டுவின் பொதியையும், டெபியன் 11-இல் 12-ஆம் பதிப்பின் பொதியையும் கலப்பது. உதாரணமாக, எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான ‘கிளிப்சி’ நூலகம் டெபியன் 11-இல் 2.31, 12-இல் 2.36. புதியதில் கட்டப்பட்ட நிரல் பழையதில் இயங்காமற் போவது இயல்பு.

மூன்றாவது, விலக்கப்படுதல். மாங்கோடிபி உரிமத்தினால் விலக்கப்பட்டது. பைத்தான் 2-க்கு அதனை ஆக்கியோரின் ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியுடன் முடிவுற்றது. டெபியன் 12-ஆம் பதிப்பில் அது இல்லை. அம்மொழியில் எழுதிய பழைய நிரல்கள் யாவும் பைத்தான் 3-க்கு மாற்றி எழுதப்பட வேண்டியவை ஆயின.

நான்காவது, யந்திர வகை. பழைய 32-பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவியும் கெர்னலும் டெபியன் 13-ஆம் பதிப்பில் தரப்படவில்லை.

ஐந்தாவது, இடைமுறிவு. பதிவிறக்கத்தின்போதோ நிறுவும்போதோ மின்சாரம் தடைப்பட்டால், பாதி நிறுவப்பட்ட நிலையில் பொதி நின்றுவிடும்.

பலவந்தத்தின் விளைவு

2021-இல் நடந்த நிகழ்ச்சியொன்று எச்சரிக்கையாக அமையும். கனடாவைச் சேர்ந்த பிரபல காணொளித் தயாரிப்பாளர் ஒருவர், ‘பாப் ஓ.எஸ்.’ என்னும் லினக்ஸ் வழங்கலில் ‘ஸ்டீம்’ என்ற விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றார். அவ்வேளையில் களஞ்சியத்தில் சார்புப் பிழையொன்று இருந்தது. அச்செயலியை நிறுவ வேண்டுமாயின் திரைச்சூழல் முழுவதையும் நீக்க வேண்டியிருக்கும் என்று ஆப்ட் கணக்கிட்டு, நீக்கப்படுபவற்றின் பட்டியலைக் காட்டியது. தொடர விரும்பினால் ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்ற பொருளுடைய வாக்கியத்தைத் தட்டச்சு செய்யுமாறும் கேட்டது. அவர் அவ்வாறே செய்தார். திரைச்சூழல் அழிந்து, கறுப்புத் திரையில் கட்டளைக் கோடு மட்டும் எஞ்சியது. இதன் பின்னரே இன்றியமையாத பொதிகளை அவ்வளவு எளிதில் நீக்கவொட்டாதபடி ஆப்ட் திருத்தப்பட்டது.

வீட்டில் ஒருவருக்கு இது ஒரு மாலைப்பொழுதின் நஷ்டம். ஆனால் நாற்பது மாணவர் காத்திருக்கும் ஆய்வுக்கூடத்திலோ, பயனாளிகளின் பதிவு நடைபெறும் கள அலுவலகத்திலோ நேர்ந்தால், ஒரு பாடமோ ஒரு முகாமோ வீணாகும். திருத்தத் தெரிந்தவர் மாவட்டத் தலைநகரிலிருந்து வர வேண்டியிருப்பின் தாமதம் நாட்கணக்கில் நீளும்.

சீர் செய்யும் முறை

முதலில் செய்தியை முழுமையாகப் படித்து, குறையும் பொதியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். செய்தியின் கடைசி வரியை மட்டும் பார்ப்பது போதாது.

அடுத்து, இயங்குதளத்தின் பதிப்பும் களஞ்சியப் பட்டியலில் எழுதப்பட்டுள்ள பதிப்பின் பெயரும் ஒன்றாக உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். ஒன்றாயின், ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளையால் பட்டியலைப் புதுப்பிக்கலாம். குறைகளில் கணிசமானவை இவ்வளவிலேயே தீரும்.

பாதியில் நின்ற பொதிகளுக்கு ‘டிபிகேஜி’ கருவியின் ‘கான்ஃபிகர்’ கட்டளையும், அதன்பின் ‘ஆப்ட்’ கருவியின் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ கட்டளையும் உரியவை. பின்னதை இடும்போது, எவை சேர்க்கப்படும், எவை நீக்கப்படும் என்று கருவி காட்டும் பட்டியலைப் பார்த்த பின்னரே இசைவு தெரிவிக்க வேண்டும். நீக்கப்படுவனவற்றின் பட்டியல் நீண்டிருந்தால் மறுத்துவிடுவதே முறை. ‘ஆப்ட் பாலிசி’ என்னும் கட்டளை, ஒரு பொதியின் எந்தெந்தப் பதிப்புகள் எந்தக் களஞ்சியத்திலிருந்து கிடைக்கின்றன என்று தெரிவிக்கும். கலப்பினால் உண்டான குறையைக் கண்டறிய இது பெரிதும் உதவுகிறது.

ஒற்றை நூலகக் கோப்பை முன்பின் அறியாத இடத்திலிருந்து கொணர்ந்து இடுவது தவிர்க்கப்பட வேண்டும். களஞ்சியத்தின் பொதிப்பட்டியல்கள் மின்கையொப்பத்தால் சரிபார்க்கப்படுபவை. தனியே கொணர்ந்த கோப்புக்கு அப்பாதுகாப்பு இல்லை. பின்னர்த் திருத்தங்களும் அதற்கு வந்து சேரா.

பழைய நிரல் இன்றியமையாததாயின், அதனையும் அதற்குரிய பழைய நூலகங்களையும் ஒரு தனிக் கொள்கலனில் அடைத்து இயக்கலாம். ‘டாக்கர்’, ‘ஃபிளாட்பேக்’ முதலியவை இவ்வகையின. இதனால் இயங்குதளம் கலப்பின்றி இருக்கும். ஆனால் வட்டில் இடம் மிகுதியாக வேண்டும். கொள்கலனுக்குள் இருக்கும் நூலகத்தின் குறைகளைத் தனியே திருத்தவும் வேண்டும்.

இணைய வசதியற்ற இடங்களில்

இணையமில்லாத யந்திரத்திற்கு ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்னும் கருவி ஏற்றது. டெபியன் குழுவைச் சேர்ந்த இந்தியரான ரிதேஷ் ராஜ் சர்ராஃப் இதனை ஆக்கினார். தேவையான பொதிகளின் குறிப்பை இணையமில்லாத யந்திரத்தில் ஒரு கோப்பாக எடுத்து, பென் டிரைவில் இணையமுள்ள இடத்திற்குக் கொண்டுசென்று, அங்குச் சார்புகளுடன் பொதிகளைப் பதிவிறக்கி, மீண்டும் கொணர்ந்து சேர்க்கலாம். அதற்கு முன் அக்கருவி யந்திரத்தில் நிறுவப்பட்டிருத்தல் அவசியம். பல யந்திரங்கள் உள்ள இடமாயின், வேண்டிய பொதிகளைக் கொண்ட பிரதிக் களஞ்சியம் ஒன்றை உள்ளூர் வழங்கியில் வைத்து, எல்லா யந்திரங்களையும் அதனையே நாடச் செய்யலாம்.

ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் ஒரு பதிவேடு வைத்தல் நலம். யந்திரத்தின் வகை, இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், அதன் பராமரிப்பு முடியும் தேதி, வெளியிலிருந்து சேர்த்த பொதிகள் ஆகியவற்றை அதில் குறித்து வரவேண்டும். பதிப்பை உயர்த்துவதற்கு முன் ஒரு யந்திரத்தில் மட்டும் சோதித்து, பாடத்திற்கு வேண்டிய நிரல்கள் யாவும் இயங்குவதை உறுதிசெய்த பின், விடுமுறைக் காலத்தில் மற்றவற்றை மாற்றலாம். இத்தகைய பதிவேடு கையிலிருப்பின், நிபுணர் வரும்வரை காத்திராமல் ஆசிரியரே பெரும்பாலான குறைகளைத் தீர்த்துக்கொள்ள இயலும். நிபுணரை அழைக்க நேர்ந்தாலும் தொலைபேசியிலேயே வழி கேட்டறிய முடியும்.